தூம்பா கேட்டு நின்ற எங்கள் அக்கா

அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், நம் பங்கின் இரு தெருக்களையும் சேர்ந்த அனைவருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பலரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உங்க அக்காவுக்குப் பொறுமை ரொம்ப ஜாஸ்திங்க." பாராட்டாகவே சொன்னார்கள். அக்கா இருந்து கேட்டிருந்தால், "எந்தப் பொறுமையச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். அந்தச் சொல்லோடு அவருக்குப் பத்தாண்டு வழக்கு இருந்தது. அந்த வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா நம் ஊர்க் கீழத்தெருவில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பதினொரு ஆண்டுகள் இளையவள் நான். எனக்கு அடுத்தவர் தம்பி. அப்பா நான் நடக்கத் தொடங்கும் முன்பே காலமானார். தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு அக்காவின் பள்ளி நின்றது. மறுநாளே அம்மாவோடு நடவுக்குப் போனார். நாற்றுக்கட்டு, கரும்புத் தோகை, முந்திரிக்காட்டு விறகு என்று அவர் தலையில் ஏறாத சுமை இல்லை. அந்தத் தலைச்சுமைதான் என்னைப் பெரம்பலூரில் கன்னியர் விடுதியில் தங்கிப் படிக்க வைத்தது. நான் ஆசிரியையானேன். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளரானார். அக்கா நம் ஊர்ப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு என்றாலும் வாசிப்பை அவர் விடவில்லை. அப்பாவின் பழைய மறைநூல் ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. ஓரம் செல்லரித்த அந்நூலை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, பல பகுதிகள் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. வேலைக்கு நடுவில் உதடு அசைந்துகொண்டிருக்கும். பாட்டு முணுமுணுக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளில் சுமை ஏற்றும் வேலை பார்த்தவர். இருவருக்கும் குழந்தைகள் இல்லை. அந்தக் குறையை வைத்து யாராவது பேசினால், "எங்களுக்குப் பள்ளிக்கூடம் பூராவும் புள்ளைங்கதான், சோறு போட்டு மாளல" என்று மாமாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். 1995இல் ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை கண்டு பத்து நாளில் அவர் இறந்தார். வழக்கு அன்றுதான் தொடங்கியது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். இறந்தவரின் பெட்டியை ஏற்றிச் செல்ல நம் பகுதிக் கோவில்களில் ஒரு வண்டி உண்டு. நான்கு சக்கரம், கறுப்புத் துணி விதானம், உச்சியில் சிலுவை. அதைத் தூம்பா என்போம். நம் கோவிலின் தூம்பா மேலத்தெருவுக்கு மட்டும் போகும். கீழத்தெருவில் யாராவது இறந்தால் பெட்டியைத் தோளில் தூக்கி, பெரிய தெருவைத் தொடாமல், வாய்க்கால் கரை வழியாகக் கல்லறைக்குக் கொண்டுபோவோம். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றோம், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கினோம். கல்லறைக்குப் போகும் வழி மட்டும் வேறாக இருந்தது. யார் விதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுதி வைத்த விதியாக இருந்திருந்தால் திருத்தியாவது இருக்கலாம்.

மாமாவைத் தூக்கிப் போன அன்று வாய்க்கால் கரை சேறாகிக் கிடந்தது. முன்னால் பிடித்தவர் சறுக்கினார். பெட்டி சாய்ந்து, ஒரு மூலை தண்ணீரில் முங்கி எழுந்தது. கரையின் இந்தப் பக்கம் நாங்கள் அலறினோம். அக்கா அழவில்லை. வயலுக்கு அப்பால், கோவிலுக்குப் பின்புறத்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் ஓட்டுக் கூரைக்கு அடியில் தூம்பா நனையாமல் நின்றிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் முன்னிலையில், அவர் குடியிருக்கும் பங்குமனை வராந்தாவில், கோவில் காரியங்களைப் பேசும் பங்குப்பேரவைக் கூட்டம் நடக்கும். ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் தரையில் பாயிலும் அமர்வது வழக்கம். மாமாவின் முப்பதாம் நாள் முடிந்த அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து ஒரே ஒரு வாக்கியம் கேட்டார்.

"சாமி, ஐயாமாருங்களே, எங்க தெருவுக்கும் தூம்பா வரணுங்க."

யாரும் கோபப்படவில்லை. தலைவராக இருந்தவர் மென்மையாகவே சொன்னார்: "கொஞ்சம் பொறும்மா. நாலு பேரக் கலந்து பேசணுமில்ல?"

அக்கா அமர்ந்துவிட்டார். அடுத்த மாதமும் அதே வாக்கியத்தைக் கேட்டார். அதே பதில் கிடைத்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மழைக்கு, வெயிலுக்கு, அறுவடைக்கு என்று அவர் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவுக்கு ஊரே பஸ் ஏறிய ஞாயிறன்றும், "கூட்டத்த முடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல வரேன்" என்று தங்கிவிட்டவர். ஓராண்டுக்குள் அவருக்கு மேலத்தெருவில் ஒரு பெயர் விழுந்தது. "தூம்பாக்காரி வந்துட்டா, சீக்கிரம் முடிங்கப்பா" என்பார்கள். தூம்பா இருந்த கொட்டகையின் சாவி ஒரு மேலத்தெருப் பெரியவரின் இடுப்பில் தொங்கும். எங்களுக்கு அவர் சாவி ஐயா. கேலியில் முதல் குரல் அவருடையது. "ஏம்மா, இப்பவே கேட்டு வெக்கிறியே, எப்ப போறதா உத்தேசம்?" என்று ஒருமுறை கேட்டார். "உங்களுக்குப் பெறவுதாங்க ஐயா. மூத்தவங்களத் தாண்டிப் போவக் கூடாதில்ல" என்றார் அக்கா. வராந்தா முழுவதும் சிரித்தது. சாவி ஐயாவும் சிரித்தார். தூம்பா மட்டும் நகரவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் கோவில் வாசகங்களுக்குப் புதிய மொழிபெயர்ப்பு வந்தது. வாசகம் படிக்கும் பொறுப்பு ஒவ்வோர் அன்பியத்துக்கும் முறை வைத்து வரும். அன்பியம் என்பது பதினைந்து இருபது குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு. ஞாயிறு ஒன்றில் கீழத்தெரு முறை வந்தபோது அக்காவை அனுப்பினார்கள். அவர் ஒரு வாரம் வீட்டிலிருந்த அப்பாவின் புத்தகத்தைப் பார்த்துப் பழகினார். அதுவே வினையாயிற்று. பீடத்தருகே நின்று, கண் புதிய நூலில் இருக்க, வாய் பழைய நூலைச் சொல்லிக்கொண்டு போயிற்று. துன்பம் எதை விளைவிக்கும் என்று சொல்லும் இடத்தில் 'பொறுமை' என்றார். அதே சொல் மறுபடியும் வரும் இடத்தில் கண் விழித்துக்கொண்டது. நூலில் அச்சாகியிருந்தது 'மன உறுதி'. அக்கா நிறுத்திவிட்டார். பிறகு, மைக் திறந்திருப்பதை மறந்து, பீடத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"சாமி, புஸ்தகத்துல வேற போட்டிருக்கு!"

கோவில் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. அன்று பூசை வைத்தவர் உதவிக் குருவானவர். இளைஞர் என்பதால் அவரைச் சின்ன சாமி என்போம். பூசை முடிந்ததும் அக்கா நேராக அவரிடம் போனார். விடுமுறைக்கு வந்திருந்த நான் உடன் நின்றேன்.

"தப்பாப் படிச்சிட்டேன் சாமி."

"தப்பு இல்லம்மா. பழசுல பொறுமைன்னுதான் இருந்துச்சு. புதுசுல மாத்தியிருக்காங்க."

"ஏன் மாத்துனாங்க? பொறுமைக்கு என்ன கொறச்சல்?"

"பொறுமைன்னா சும்மா இருக்கறதுன்னு ஆளுங்க நெனச்சுக்கறாங்க. மூல மொழியில அந்தச் சொல்லுக்கு, சுமைக்கு அடியில நகராம நிக்கிறதுன்னு அர்த்தம்மா."

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். "சாமி தலையில சுமை தூக்கியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையேம்மா."

"தூக்கிட்டு நடந்துட்டா அவ்வளவாத் தெரியாதுங்க. கட்டோட வரப்புல போறப்ப எதுர்ல வெள்ளாமக்காரர் வருவாரு. அவரு தாண்டிப் போற வரைக்கும் ஓரமா அப்பிடியே நிக்கணும் பாருங்க, அப்பத்தான் கழுத்து ஒடியும். கீழ போட்டுட்டுப் போயிடலாமான்னு தோணும்."

"போட்டதுண்டா?"

"போட்டா மறுபடி தூக்கிவிட ஆள் வேணும் சாமி."

"அடுத்த தடவ பிரசங்கத்த நீங்களே வெச்சிடுங்கம்மா" என்று சிரித்தபடி சின்ன சாமி உள்ளே போனார். மூல மொழி எதுவும் அறியாத என் அக்கா அந்தச் சொல்லைக் கழுத்தால் அறிந்திருந்தார். எத்தனையோ நூல்களைப் படித்த நான் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த முதல் ஞாயிறு கூட்டத்தில் அக்கா பாயில் அமரவில்லை. தூணருகே நின்றார். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். "பொறும்மா" என்றார் தலைவர்.

"பொறுத்துக்கறேங்க" என்று சொல்லி, நின்றுகொண்டே இருந்தார்.

"சரி, உக்காரு."

"பரவால்லைங்க ஐயா. தலையில சுமை இருக்கு, உக்கார முடியாது."

"சுமையா? எங்க?" என்று சாவி ஐயா அவர் தலைக்கு மேலே கையை ஆட்டிப் பார்த்தார். மீண்டும் சிரிப்பு. ஆனால் வரவு செலவு, திருவிழா, பாடகர் குழு என்று கூட்டம் போன ஒன்றரை மணி நேரமும் அக்கா நின்றார். அதற்கடுத்த மாதமும் நின்றார். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை, யாரையும் பழிக்கவில்லை, பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. பொறு என்றார்கள், பொறுத்தார். நகர் என்றார்கள், நகரவில்லை. அது அவர் தானே கண்டுகொண்ட வழி. நமக்குக் கற்பிக்கப்பட்ட பொறுமைக்கும் அக்கா பழகிய பொறுமைக்கும் நடுவில் அந்தத் தூண் நின்றது.

இப்படியே ஆறாண்டுகள் சென்றன. 2001இல் பங்குப்பேரவை ஒரு முடிவோடு வந்தது. கீழத்தெருவுக்கென்று புதிய தூம்பா ஒன்று செய்து தரப்படும். தேக்கு மரம், ரப்பர் சக்கரம். வைக்கத் தனிக் கொட்டகை. வாய்க்கால் கரையையும் மண் கொட்டி அகலப்படுத்தித் தருவார்கள்.

கீழத்தெரு மகிழ்ந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். நானும் மகிழ்ந்தேன். தம்பி திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பிற்பகலில், அம்மாவின் கட்டிலைச் சுற்றி நாங்கள் பேசியது இன்றும் காதில் இருக்கிறது.

"அக்கா, அவங்களோடது பழசு, சக்கரம் ஆடுது. நமக்குப் புதுசே வருது" என்றார் தம்பி.

"நல்லாத்தான் செய்வாங்க. நமக்குன்னு தனியாச் செய்யறாங்கள்ல?"

"தனியா இருந்தா என்ன? வண்டி வண்டிதானே?"

"அப்ப புதுச அவங்க வெச்சுக்கட்டும். நாம ஆடுற சக்கரத்துலயே போறோம். போயிக் கேட்டுட்டு வா."

நான் சமாதானம் பேசினேன். "அக்கா, ஆறு வருசத்துக்கு இப்பத்தான் பாதியாச்சும் எறங்கி வந்திருக்காங்க. வாங்கிக்குவோம். மீதிய மெல்லக் கேக்கலாம்."

"பாதி குடுத்தவங்ககிட்ட மீதியக் கேட்டா, அதான் குடுத்துட்டோமேம்பாங்க பாப்பா. நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "எதுலயாச்சும் ஏத்தி அனுப்புங்கடி. மாப்ள மாதிரி சேத்துல சறுக்கி எந்திரிக்க எனக்குத் தெம்பில்ல."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்த பின் அம்மா மட்டும், "நெசமாத்தான் சொல்றேன்" என்றார். அக்கா அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிடத் தொடங்கினார்.

அன்பியக் கூட்டத்தில் தெருவிடம் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "வாங்கிக்கறவங்க வாங்கிக்குங்க. நான் யாரையும் தடுக்கல. எங்க வூட்டுக்கு வேண்டாம்." தூம்பா செய்து முடிந்து கொட்டகையில் வந்து நின்றது. பெண்கள் சிலர் அக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள். "இவ எறங்கவும் மாட்டா, ஏறவும் மாட்டா" என்று எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். மேலத்தெருக் கேலியை அக்கா சிரித்துக் கடந்துவிடுவார். சொந்தத் தெருவின் சொல் அவரைத் தைத்தது. சத்துணவுக் கூடத்து அடுப்பின் முன் அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து நான் கேட்டபோது, புகை என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் அம்மா இறந்தார். புதிய தூம்பா வந்த பின் கீழத்தெருவில் நிகழ்ந்த முதல் சாவு அது.

சாவி ஐயாவும் பேரவையினர் இருவரும் பூ வைத்து அலங்கரித்த புதிய தூம்பாவை எங்கள் தெரு முனைக்குத் தாங்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். அக்கா எழுந்து போய்க் கைகூப்பி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னம்மா இது? பெத்த தாயிக்கே வேண்டாமா? கேட்டது நீதானே?"

"நான் கேட்டது இது இல்லைங்க ஐயா."

சாவி ஐயா வண்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

தம்பி அக்காவின் முன்னால் வந்து நின்றார். "அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேல்ல? செத்தவங்கள வெச்சுப் பந்தயம் கட்டறியா நீ?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியபோது, பெண்கள் தோள் கொடுக்கும் வழக்கம் இல்லாத நம் ஊரில், முன்புறக் கழியின் கீழ் தம் தோளை வைத்தார். யாரும் விலக்கவில்லை. அன்று மழை இல்லை. கரையில் யாரும் சறுக்கவில்லை. கல்லறைக்குள் நுழையும்வரை அக்கா தோள் மாற்றிக்கொள்ளவும் இல்லை. அன்றே திருப்பூருக்கு பஸ் ஏறிய தம்பி, அதன் பின் நான்காண்டுகள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா செய்தது சரி என்று அன்று நான் நினைக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் இம்மலர் பொய்யாகிவிடும். தாயின் ஆசைக்கு மேலாக எந்த நியாயமும் இல்லை என்று எண்ணினேன். அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் அடுத்த மாதங்களில் நடந்ததைக் கவனித்தபோதுதான் எனக்கு விளங்கியது. தெருவில் அடுத்தடுத்து இறந்த யாரையும் அந்தப் புதிய தூம்பாவில் ஏற்றவில்லை. "பெத்த தாயையே அதுல ஏத்தலையே அவ. நாம எப்பிடி ஏத்துறது?" என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். பேச்சை நிறுத்தியிருந்தவர்களும் சொன்னார்கள். தேக்குத் தூம்பா கொட்டகையிலேயே தூசி படிந்து நின்றது. அம்மா அடக்கமான அடுத்த முதல் ஞாயிறும் அக்கா தூணருகே நின்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் அவருக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. இடது பாதத்தில் ஆறாத புண். பெரம்பலூரில் என் வீட்டில் தங்கி மருத்துவம் பார்த்துக்கொள்ளும்படி மன்றாடினேன். மாதத்தில் மூன்று வாரம் தங்குவார். முதல் ஞாயிறுக்கு முந்திய நாள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார். "ஒரு மாசம் போவலன்னா என்னக்கா?" என்று கேட்டேன். "ஒரு மாசம் போவலன்னா வுட்டுட்டாம்பாங்க" என்றார்.

2005இல் ஒரு கூட்டம். அன்று நான் அக்காவைக் கைப்பிடித்து அழைத்துப் போயிருந்தேன். கட்டுப் போட்ட காலோடு அவர் தூணைப் பிடித்து நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்டார். புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் பேரவையினரைப் பார்த்தார். வழக்கமான 'பொறும்மா'வைச் சொல்லத் தலைவர் வாயெடுத்தபோது, சாவி ஐயா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"போதும்ப்பா. இந்தம்மா நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது."

ஒருவர் எழுந்து, "அப்ப நாளைக்கி உங்க பொணமும் அதே வண்டியிலதான் போவுமா?" என்று சீறினார்.

"போவட்டுமே. ஏறப்போறது நான். உனக்கு என்ன?"

எல்லாம் அன்றே சுமுகமாக முடிந்துவிடவில்லை. நான்கைந்து குடும்பங்கள் பல மாதம் கோவிலுக்கு வரவில்லை. சாவி ஐயாவோடு அவருடைய சொந்தப் பங்காளிகளே பேச்சை முறித்துக்கொண்டார்கள். பங்குச்சாமியார் வீடு வீடாகப் போய் வசவு வாங்கி வந்தார். ஆனால் சாவி மேசையிலிருந்து மறுபடி இடுப்புக்குப் போகவில்லை. அது இப்போது பங்குமனைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம்.

சில வாரங்களில், ஆடு மேய்த்துப் பிழைத்த, பிள்ளைகள் இல்லாத ஒருவர் கீழத்தெருவில் இறந்தார். பழைய தூம்பா முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் வந்தது. சக்கரம் ஆடத்தான் செய்தது. பெரிய தெரு வழியாகப் போனபோது பல கதவுகள் சாத்தியிருந்தன. சாவி ஐயாவின் மருமகள் மட்டும் வாசலுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து முழந்தாளிட்டார். அக்கா பின்னால் ஊன்றுகோலோடு நடந்தார். அன்றும் அவர் அழவில்லை. "வேகமாத் தள்ளாதீங்கடா, அவரு மெல்லத்தான் நடப்பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

தனித் தூம்பாவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, பிரித்துப் பெஞ்சுகளாக அடித்துப் போடச் சொன்னவர் அக்காதான். கூட்டங்களில் பெண்கள் இப்போது பாயில் அமர்வதில்லை, அந்தத் தேக்குப் பெஞ்சுகளில் அமர்கிறார்கள். "நல்ல மரம், வீணாப் போவக் கூடாது" என்றார். கூட்டத்தில் தாம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று சொல்லி, அவர் மட்டும் அதிலும் அமரவில்லை.

இன்னும் இருந்தது உண்மைதான். நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. தூம்பா ஒன்றாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தை எட்டியதும் அது கீழத்தெருவுக்கு ஒரு வாசல், மேலத்தெருவுக்கு மறுவாசல் என்று பிரிந்து போகிறது. அக்காவின் வாக்கியம் அடுத்த மாதமே மாறியது: "சாமி, ஐயாமாருங்களே, அந்தச் செவுத்த எடுக்கணுங்க."

அதைக் கேட்டுக்கொண்டே நிற்க அவருடைய கால் இடம் தரவில்லை. 2006இல் பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பாதத்தை எடுத்தார்கள். தம்பி வந்தார். நான்காண்டுக்குப் பின் அக்காவின் கட்டிலருகே நின்றவர், "சாப்பிட்டியா?" என்றார். "நீ சாப்பிட்டியான்னு கேக்கத்தான் நாலு வருசமாக் காத்திருக்கேன்" என்றார் அக்கா. தம்பி தரையில் உட்கார்ந்து, மீதமிருந்த காலைப் பிடித்துவிட்டார்.

கடைசி வாரத்தில் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அம்மாவ அப்பிடி அனுப்புனதுல உனக்கு வருத்தமே இல்லையாக்கா?"

"இருக்கு பாப்பா. தெனமும் இருக்கு. அதையும் தூக்கிக்கிட்டுத்தான் நின்னேன்."

நான் ஆறுதல் தேடிக் கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னார். துன்பத்திலிருந்து பிறக்கும் குணம் துன்பத்தைப் போக்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அக்காவுக்கு அது போகவில்லை. போகாத ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டே, முகம் கோணாமல், அடுத்த முதல் ஞாயிறுக்குப் பேருந்து ஏறியவர் அவர். விசுவாசம் என்று நான் படித்த எல்லாவற்றிலும் இதைவிடப் பெரியதை இன்னும் காணவில்லை.

அக்கா அமைதியாகக் கண் மூடினார். தூம்பாவின் முன் சட்டத்தைத் தம்பி பிடித்தார். பெரிய தெருவில் சாத்தியிருந்த கதவுகள் அன்று குறைவு. சாவி ஐயா தள்ளாத உடம்போடு கல்லறை வாசல்வரை நடந்து வந்து, "மூத்தவனத் தாண்டிப் போயிட்டியேம்மா" என்று சொல்லித் திரும்பினார். மூன்று மாதம் கழித்து அவரும் போனார். அதே தூம்பாவை எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து தள்ளினோம். அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். ஐயா அந்தப் பக்கம் இருக்கிறார்.

அக்காவின் புண்ணை முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டிய செவிலியருக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், அவர் இல்லாத நாளில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட சத்துணவுக் கூடத்துத் தோழிக்கும், வசவுக்கு அஞ்சாத பங்குச்சாமியாருக்கும், இப்போது தொலைதூரப் பங்கில் பணியாற்றும் சின்ன சாமிக்கும், சாவி ஐயாவின் குடும்பத்தாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அக்காவோடு பேச்சை நிறுத்தியிருந்தும், அவர் ஏற்றாத வண்டியில் தங்கள் சொந்தங்களையும் ஏற்றாமல் தோளில் சுமந்த கீழத்தெருக் குடும்பங்களுக்கு எந்தச் சொல்லில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திருப்பலி முடிந்ததும் கல்லறை மந்திரிப்பு நடைபெறும். முதலில் அக்காவின் கல்லறையில் ஜெபிப்போம். பின்னர் சாவி ஐயாவின் கல்லறைக்கும் போவதென்று அவருடைய மருமகளும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். இரண்டு கல்லறைகளுக்கும் இடையில் பத்தடி கூட இருக்காது. ஆனால் நாம் வெளியே வந்து, சாலையில் இறங்கி, தோட்டத்தைச் சுற்றி நடந்து, மறுவாசல் வழியாகத்தான் நுழைய முடியும். முதியவர்களுக்குச் சிரமமாக இருக்கும் என்பதை அறிவேன். முடிந்தவர்கள் எல்லோரும் உடன் வர வேண்டும் என்று பணிவோடு அழைக்கிறேன். அந்தச் சுவர் நம்மை எவ்வளவு தூரம் சுற்ற வைக்கிறது என்பதை இரு தெருக்காரர்களும் ஒன்றாக ஒரு முறை நடந்தே தெரிந்துகொள்வோம்.